ஒரு துப்பாக்கி... பதினாலு முதலாளி!

கண்ணை மூடி ஒரு சீனைக் கற்பனை பண்ணிக்குங்க.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற வழியில் அறுப்பு முடிஞ்ச ஒரு சோளக்காடு. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையா நிற்கிறாங்க. ஒருத்தர் கையைச் சுழற்றி எதையோ எறியறார். டீ சாசர் சைஸில் ஆரஞ்சு கலர் தட்டு ஒண்ணு விர்ருனு பறக்குது. வரிசையில் முதல் ஆள் ஆள்காட்டி விரலை நீட்டி, தட்டு போகிற பக்கமே உடம்பைத் திருப்பி, வாயாலேயே ‘டுமீல்!’ங்கிறான். மற்ற எல்லாரும் ரொம்ப சீரியஸா, “லேட்டு மச்சான்... தட்டுக்குப் பின்னாடி சுட்டுட்டே!”னு தீர்ப்பு சொல்றாங்க.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருத்தர் அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டு, “ஏப்பா, பார்த்தா படிச்ச புள்ளைக மாதிரி இருக்கீக... வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீகளா?”னு கேட்டார்.

அந்தக் கோஷ்டியின் பொருளாளர் சாட்சாத் அடியேன்தான்!

சிரிக்காதீங்க பாஸ். இது துப்பாக்கி சுடும் கிளப்தான். கையில் துப்பாக்கி மட்டும் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

அந்தத் தட்டுக்கு ‘க்ளே’னு பேரு. க்ளேனா களிமண். ஆனா, மருந்துக்குக்கூட அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து அச்சில் வார்த்தது. 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. 19-ம் நூற்றாண்டில் வெளிநாட்டு சீமான்கள் நிஜப் புறாவைப் பெட்டியில் அடைச்சு, திறந்துவிட்டுச் சுட்டு விளையாடினாங்க. 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில்கூட நிஜப் புறாக்கள் பலியாகியிருக்கு. இன்னொரு பக்கம், கண்ணாடிப் பந்தை எறிஞ்சு சுட்டுப் பார்த்தாங்க. அதுக்கும் அடுத்து 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி ஊர்க்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி, சூளையில் சுட்ட களிமண் தட்டைக் கொண்டுவந்தார். மெள்ள மெள்ளப் புறா தப்பிச்சுது. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் அதுக்கு ‘களிமண் புறா’ன்னுதான் பேரு!

எங்களுக்கு இந்தக் கிறுக்கு பிடிச்ச இடம் புதுக்கோட்டை. அங்கே ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப்பில் போட்டி நடக்குதுன்னு கேள்விப்பட்டு, நானும் என் தோஸ்தும் திருச்சி பஸ் பிடிச்சு, அங்கே இருந்து இன்னொரு பஸ் மாறிப் போனோம். தோஸ்த்னா ஆறாம் கிளாஸில் இருந்து ஒரே பெஞ்ச். அவன் டிபன் பாக்ஸை நான் காலி பண்ணுவேன், என் ஹோம்வொர்க்கை அவன் காப்பி அடிப்பான். அப்படி ஒரு ஒப்பந்தம்!

அங்கே பார்த்தது ‘ட்ராப்’. அஞ்சு இடத்தில் ஆட்கள் நிற்கிறாங்க. 15 மீட்டர் முன்னால் ஒரு பதுங்குகுழி. அதுக்குள்ளே 15 மெஷின். சுடுபவர் ஒரு சத்தம் கொடுத்ததும் மைக் அதைக் கேட்டு ஏதோ ஒரு மெஷினைத் தட்டிவிடும். இடமா, வலமா, நேரா... ஆண்டவனுக்குத்தான் தெரியும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் பறக்கும் தட்டை உடைக்க ரெண்டு தோட்டா. தோட்டாவுக்குள் அதிகபட்சம் 24 கிராம் ஈயக் குண்டுகள். தட்டு தூள் தூளாகணும்னு அவசியம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு துண்டு பிய்ஞ்சாலும் பாயின்ட். ஆனா, வெறும் தூசி பறந்தால் பாயின்ட் கிடையாது. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்றுக்கே 125.

அதில் இருக்கிற சூட்சுமம் என்ன தெரியுமா? தட்டு இருக்கிற இடத்தைச் சுட்டால் அடி விழாது. குண்டு போய்ச் சேர்றதுக்குள் அது நகர்ந்திருக்கும். தட்டு வரப்போகிற இடத்தைச் சுடணும்!

புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை பிரித்விராஜ் தொண்டைமான் இந்த விளையாட்டில் எங்கே போயிருக்கார்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2023-ல் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம். அதே வருஷம் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்துவோட சேர்ந்து 375-க்கு 361 அடிச்சு அணித் தங்கம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். நம்ம பக்கத்து ஊர்க்காரர்!

திரும்பி வர்ற பஸ்ஸில் தோஸ்த் ஒரு கேள்வி கேட்டான். “1962-ல் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கின கர்ணி சிங், பிகானீர் மகாராஜா. 2004-ல் ஏதென்ஸில் வெள்ளி வாங்கின ராத்தோர், ராணுவ மேஜர். தொண்டைமான், ராஜ குடும்பம். ராஜாவும் மேஜரும் சரி... பூட்டுப் பட்டறைக்காரன் மகன் சுடலாமா, கூடாதா?”

அவன் அப்பா பூட்டுத் தொழிலாளி. எனக்குச் சட்டுனு பதில் சொல்லத் தெரியலை.

டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஷாட்கன்னுக்கு லைசென்ஸ் வேணும். அதுக்கு 21 வயசு ஆகணும், கலெக்டர் ஆபீஸ் போகணும், போலீஸ் விசாரணை முடியணும். ஒவ்வொரு தட்டுக்கும் குறைஞ்சது ஒரு தோட்டா. சுட்டது எல்லாம் காசு. கால் கிலோமீட்டருக்கு மேல் ஆள் நடமாட்டமே இல்லாத மைதானம் வேணும். டிக்கெட்டில் இடம் தீர்ந்துபோச்சு. எங்க தைரியமும்தான்.

“சரி மச்சான், க்ளே அப்புறம். முதல்ல துப்பாக்கியைப் பிடிக்கவாவது கத்துக்குவோம்”னு ஆரம்பிச்சதுதான் எங்க கிளப். 0.177 குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் தூரம், நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நாகல் நகர் பக்கம், ஒரு காலத்தில் பூட்டுப் பட்டறையாக இருந்த நீளமான கொட்டகை வாடகைக்குக் கிடைச்சது.

வாசலில் நின்னு அண்ணாந்தால் மலைக்கோட்டை தெரியும். 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோட இங்கே ஆயுதசாலை வெச்சார்னு சரித்திரம் சொல்லுது. “நாமளும் இந்த ஊர்ல ஆயுதசாலை வெச்சிருக்கோம்டா”ன்னு தோஸ்த் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டான். எங்க ஆயுதசாலையில் மொத்தம் ஒரே ஒரு செகண்ட் ஹேண்ட் ரைஃபிள்!

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கே... அதில் சங்கம் பதிவு பண்ணக் குறைஞ்சது ஏழு பேர் வேணும். ஏழு பேரைத் தேடினோம். நான், தோஸ்த், பூட்டு அண்ணன், ரிட்டையர்ட் ஹவில்தாரான மிலிட்டரி மாமா, போஸ்ட் ஆபீஸ் அக்கா, அவங்க தம்பி, அப்புறம் ஒரு பிரியாணிக் கடை கேஷியர். ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டோம். அதில்தான் ரைஃபிள். புதுசு வாங்கணும்னா லட்சத்தைத் தாண்டும்.

இப்போ நாங்க 14 பேர். மாசச் சந்தா 500 ரூபாய், ஆக 7,000. வாடகை 4,000, கரன்ட் 600, பெல்லட்டும் டார்கெட் அட்டையும் 1,500, டீ 400. மிச்சம் 500 ரூபாய் ‘க்ளே ஃபண்ட்’. இந்த வேகத்தில் போனால் நாங்க ட்ராப் மெஷின் வாங்கும்போது திறந்துவைக்க என் பேரன் வருவான்!

ஒரு துப்பாக்கிக்குப் பதினாலு முதலாளின்னா சும்மாவா? முதல் சண்டையே கன்னம் வைக்கிற கட்டைக்குத்தான். எனக்குச் சரியா இருந்தால் அக்காவுக்கு உயரம். அக்கா இறக்கினால் மாமாவுக்குக் கழுத்து வலி. கடைசியில் ஒரு நோட்டுப் போட்டோம். யாருக்கு எத்தனை மில்லிமீட்டர்னு எழுதிவெச்சோம். அடுத்த சண்டை, ஞாயிறு முதல் டர்ன் யாருக்குன்னு. சீட்டுக் குலுக்கினோம். பெல்லட்டை யார் எத்தனை எடுத்தாங்கன்னு ஸ்டாக் நோட்டு. கொட்டகைச் சாவி ரெண்டு பேர்கிட்டே. செக்கில் ரெண்டு கையெழுத்து. விளையாட வந்த இடத்தில் நோட்டு நோட்டா எழுதறோமேன்னு அலுத்துக்கிட்டேன். ஆனா, ஒவ்வொரு நோட்டும் ஒரு சண்டையை முடிச்சுவெச்சது என்னமோ நிஜம்.

இதுக்கு நடுவில் பூட்டு அண்ணன் ஸ்ப்ரிங் பட்டையை வளைச்சு, தட்டு எறிகிற கைக்கருவி ஒண்ணு செஞ்சு கொண்டுவந்தார். மாங்காய்ப் பூட்டு செய்கிற கைக்கு இதெல்லாம் ஜுஜுபி. அப்படித்தான் சோளக்காட்டு ‘டுமீல்’ ஆரம்பிச்சது. அங்கே துப்பாக்கியைக் கொண்டுபோகவே மாட்டோம். கண்ட இடத்தில் சுடறது சட்டப்படி தப்பு. ஈயக் குண்டு விழுந்தால் மண்ணுக்கும் ஆட்டுக்கும் ஆகாது. கண்ணும் இடுப்பும் தட்டோட சேர்ந்து திரும்பப் பழக, விரல் போதும். முடிஞ்சதும் உடைஞ்சது, உடையாதது எல்லாத்தையும் பொறுக்கிக்கிட்டு வந்துடுவோம்.

இனிமேதான் மேட்டர்.

மிலிட்டரி மாமா சேர்ந்த அன்னிக்கே சுவரில் நாலு விதி எழுதினார். குழல் எப்பவும் டார்கெட் பக்கம். சுடற நொடி வரைக்கும் விசையில் விரல் கூடாது. சுடாத நேரம் குழலில் கலர் கொடி தெரியணும். நாலாவது, ‘காலித் துப்பாக்கின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது.’ மனுஷன் பக்கம் குழலைத் திருப்பினால் மூணு மாசம் சஸ்பெண்ட். யாராக இருந்தாலும்.

ஒரு ஞாயிறு, ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற பையன் ஒருத்தன் புதுசா வந்து சேர்ந்தான். அவன் அம்மா வாசல் வரைக்கும் வந்து, “தம்பி, இது பத்திரம்தானே?”ன்னு என்கிட்டே கேட்டாங்க. “நூறு பர்சென்ட்ம்மா”ன்னேன். பையன் பயந்து பயந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவனைச் சிரிக்கவைக்கணும்னு நினைச்ச என் தோஸ்த், மேசையில் இருந்த ரைஃபிளை எடுத்து அவன் பக்கம் திருப்பி, “ஹேண்ட்ஸ் அப்!”னான்.

பெல்லட் கிடையாது. கொடிகூட குழலில்தான் இருந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மாமா சிரிக்கலை. மெதுவா வந்து ரைஃபிளை வாங்கி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சார். “லெட்டர் அடிங்க”ன்னார். அவ்வளவுதான்.

செயலாளர் அக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டாவது கையெழுத்து பொருளாளர். நான்! அந்தத் தாள் ரெண்டு நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தோஸ்த் போன் பண்ணி, “விடுடா, காமெடிக்குப் பண்ணது. நீ போட மாட்டேன்னு எனக்குத் தெரியும்”னான். என்கூட புதுக்கோட்டை வந்தவன். கிளப்புங்கிற ஐடியாவே அவனோடது.

ஆனா, அந்த அம்மாவின் கேள்வி காதிலேயே நின்னுச்சு. நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகிற பெல்லட் அது. கண்ணில் பட்டால் கண் போச்சு. அந்தப் பக்கம் நின்னது யாரோ ஒருத்தன், இந்தப் பக்கம் நின்னது என் ஃப்ரெண்டுங்கிறதால விதி மாறும்னா, நான் அந்த அம்மாகிட்டே சொன்னது பொய். மூணாவது நாள் கையெழுத்துப் போட்டேன்.

“நீயாடா?”ன்னு ஒரே வார்த்தை கேட்டான். அப்புறம் மூணு மாசம் பேச்சே இல்லை. மணிக்கூண்டுகிட்டே எதிர்ல பார்த்தால்கூட பைக்கைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான். உண்மையைச் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ், அந்த மூணு மாசமும் என் ஸ்கோர் படு பாதாளம். குறி பார்க்கும்போது பக்கத்தில் ‘சொதப்பாதேடா’ன்னு சொல்ல ஆள் இல்லை.

அடுத்து வந்தது ஆண்டுப் பொதுக்குழு. ரெண்டு விஷயம். ஒண்ணு, வருஷக் கணக்கு. ரெண்டு, ஒரு ஆஃபர். ஊரில் வசதியான பெரிய மனிதர் ஒருத்தர், “ட்ராப் மெஷின் நான் வாங்கித் தர்றேன், மைதானத்துக்கு இடமும் பார்க்கிறேன். கிளப்புக்கு எங்க அப்பா பேரு வைக்கணும். நான்தான் ஆயுள் தலைவர்”னு சொல்லி அனுப்பியிருந்தார். என் ஓட்டு கண்ணை மூடிக்கிட்டு அவருக்குத்தான். மாசம் 500 ரூபாய் சேர்த்து பேரன் வரைக்கும் யார் காத்திருக்கிறது?

தோஸ்த் வந்திருந்தான். சுடத்தான் தடை, ஓட்டுப் போடத் தடை இல்லையே! கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன், நான் கணக்கு வாசிச்சு முடிச்சதும் எழுந்தான். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினான்.

“ஸ்டாக் நோட்டுப்படி பன்னிரண்டு டப்பா பெல்லட் இருக்கணும். பீரோவில் பத்துதான் இருக்கு. ரெண்டு டப்பா எங்கே?”

எனக்குப் பகீர்னு ஆச்சு. ஸ்கோர் இறங்குதேன்னு வார நாளில் நான் தனியா வந்து பிராக்டிஸ் பண்ணினேன். சாவிதான் என்கிட்டே இருந்ததே! அப்புறம் காசு வெச்சுக்கலாம்னு ரெண்டு டப்பா எடுத்தேன். சத்தியமா மறந்துட்டேன். எழுதவும் இல்லை, காசும் வைக்கலை.

“நான்தான் எடுத்தேன்”னு சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கலை. யாராவது ‘பரவாயில்லை விடுங்க’ன்னு சொல்வாங்கன்னு பார்த்தேன். சந்தாப் பணத்தை டாண்ணு மாசம் முதல் தேதி நீட்டுகிற பிரியாணிக் கடை அண்ணன்கூட தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மாமா, “எழுதுங்க”ன்னார். ரெண்டு மடங்கு விலை, ஒரு மாசம் டர்ன் கட். நோட்டில் அதை எழுதினது யாருங்கறீங்க? பொருளாளர்!

அடுத்து ஆஃபர். பேச்சு சூடாச்சு. “மெஷின் வந்தால் போதும், பேர்ல என்ன இருக்கு?”ன்னு ஒரு கட்சி. பூட்டு அண்ணன் மட்டும் எழுந்து நிதானமாச் சொன்னார்... “சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா, அது அவர் வீடுப்பா. நாம விருந்தாளி.”

எனக்கு அப்போதான் உறைச்சது. பத்து நிமிஷம் முன்னாடி என்னை நிற்கவெச்சு ‘ரெண்டு டப்பா எங்கே?’ன்னு கேட்டாங்களே... மெஷினும் இடமும் கொடுத்த ஆயுள் தலைவரை நிற்கவெச்சு அப்படி யாராவது கேட்பாங்களா? அவர் சிநேகிதர் ‘ஹேண்ட்ஸ் அப்’ சொன்னால் மாமா லெட்டர் அடிக்கச் சொல்வாரா? சொன்னாலும் நான் கையெழுத்துப் போடுவேனா?

வேண்டாம்னு ஒன்பது ஓட்டு. வேணும்னு அஞ்சு. ஒன்பதில் என் ஓட்டும் ஒண்ணு. பெரிய மனிதருக்கு நன்றி சொல்லி, 500 ரூபாய் சந்தாவில் சாதா உறுப்பினராகச் சேரும்படி லெட்டர் எழுதினோம். இன்னும் பதில் வரலை!

வெளியே டீக்கடையில் தோஸ்த் பக்கத்தில் வந்து நின்னான். ரெண்டு டீ சொன்னான். “பழிக்குப் பழியாடா?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துட்டு, “பாதி”ன்னான். “மிச்சப் பாதி... நிஜமாவே ரெண்டு டப்பா குறையுதுடா!”

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். முன்னாடி அவன் எதைச் செஞ்சாலும் நான் கண்டுக்க மாட்டேன், நான் எதைச் செஞ்சாலும் அவன் கண்டுக்க மாட்டான். இப்போ ரெண்டு பேரும் கண்டுக்கிறோம். இதுவும் நல்லாத்தான் இருக்கு.

இப்போ கிளப்பில் புதுசா யார் சேர்ந்தாலும் முதல் கிளாஸ் எடுக்கிறது அவன்தான். “இந்த கிளப்ல ‘ஹேண்ட்ஸ் அப்’ சொன்ன ஒரே ஆள் நான். மூணு மாசம் வீட்ல உட்கார்ந்தேன்”னுதான் ஆரம்பிப்பான். அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன்தான் இப்போ எங்க டாப் ஸ்கோரர். 21 முடிஞ்சதும் ஷாட்கன் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணப்போறானாம். அவன் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிற வேலை. ராஜாவும் இல்லை, மேஜரும் இல்லை. பஸ்ஸில் தோஸ்த் கேட்ட கேள்விக்கு எங்ககிட்டே இப்போதைக்கு இருக்கிற பதில் அவன்தான்.

உங்க ஊரிலும் இப்படி ஒரு கிறுக்கு உங்களுக்கு இருக்கலாம். துப்பாக்கியா இருக்கணும்னு இல்லை. டெலஸ்கோப், கேமரா, கயாக், என்னவா வேணும்னாலும் இருக்கட்டும். தனியா வாங்க முடியாதுன்னு ஏங்காதீங்க. பெரிய மனிதர் வாசலில் போயும் நிற்காதீங்க. ஏழு பேரைத் தேடுங்க. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. நெருங்கின ஃப்ரெண்டையே பொருளாளரா போடுங்க. ஆனா, அவன்கிட்டே ‘ரெண்டு டப்பா எங்கே?’ன்னு கேட்கத் தயங்காதீங்க!

போன ஞாயிறு அந்த ஆட்டுக்காரப் பெரியவர் மறுபடி வந்தார். “நானும் ஒண்ணு சுடட்டுமா தம்பி?”ன்னார். பூட்டு அண்ணன் தட்டை எறிஞ்சார். பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கிட்டு நிதானமா விரலை நீட்டினார். தட்டுக்கு ரெண்டு முழம் முன்னாடி!

எங்களுக்கு ஆறு மாசம் பிடிச்ச பாடம். “எப்படித் தாத்தா?”ன்னு வாயைப் பிளந்தோம்.

“ஓடுற ஆட்டைத் திருப்பணும்னா, கல்லை அது போற இடத்துக்குல்லப்பா போடணும்!”னுட்டு நடையைக் கட்டினார்.

பதினைஞ்சாவது முதலாளி ரெடி!